கிணற்றடி வரைக்கும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் குன்னத்துகால் பக்கத்தில் நேசையனைப் பற்றி ஒரு கேலி உண்டு. பதினேழு வருஷம் துப்பாக்கி தூக்கிய மனுஷன், கிணற்றைக் கண்டால் மட்டும் பத்தடி தள்ளி நடப்பார் என்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. பென்ஷனோடு ஊருக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், வீட்டுக் கிணற்றில் மோட்டார் இறக்கி அடுக்களை வரை குழாய் இழுத்ததுதான். கரண்டு போன நாளில் வாளியும் கயிறுமாக அவருடைய மனைவி ஆனந்தபாய்தான் போகவேண்டும். "பட்டாளக்காரனைக் கெட்டினேன்னு பேரு. தவளையைக் கண்டாலும் இந்த மனுஷனுக்குப் பேடியாக்கும்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போவாள். நேசையன் சிரித்து வைப்பார்.

ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நம் ஆட்களுக்குக் கேலி செய்ய வருகிற அளவுக்குக் கேள்வி கேட்க வராது. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கப் போவதில்லை. முப்பத்தேழு வருஷமாக அவரை ஆட்டி வைத்தது ஒரே ஒரு பயம். குமாரிக்குத் தெரிந்துவிடக் கூடாது.

குமாரி என்றால் ஸ்ரீகுமாரி, அவருடைய ரப்பர் தோட்டத்துக்கு அடுத்த வீடு. புருஷன் மஸ்கட்டில். மகன் ஷிபு பெட்டி ஆட்டோ ஓட்டுகிறான். குமாரியின் அண்ணன் சோமனும் நேசையனும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். இலங்கைக்குப் போன படையில் இருவரும் ஒரே கம்பெனி. போனவர்களில் நேசையன் தன் காலால் திரும்பினார். சோமன் பெட்டியில் வந்தான். அந்தப் பெட்டியோடு கூட வந்ததும் நேசையன்தான்.

எல்லைப்புறத்து ஆட்களுக்கு இரண்டு பாஷையும் கூடப் பிறந்தது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். ஆனால் கப்பல் ஏறும்போதே ஜவான்களுக்கிடையே ஒரு பேச்சு பரவியிருந்தது. தமிழ் தெரிந்தவனை ரோந்தில் முன்னால் நடக்க விடுவார்கள், முன்னால் நடக்கிறவனுக்குத்தான் முதலில் கால் போகும் என்று. நிஜமோ கதையோ, யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்குப் பயப்பட அது போதும். நேசையனும் சோமனும் கப்பலிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். நாம் கேரளக்காரர்கள், நமக்கு மலையாளம் மட்டும். எட்டு மாதம் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழாமல் சமாளித்தார்கள். இந்தத் தந்திரம் நம் ஊர்க்காரனுக்குத்தான் தோன்றும், நம் ஊர்க்காரனால்தான் முடியும்.

எட்டாம் மாதம் ஒரு வீட்டைச் சோதனை போட்டார்கள். நல்ல வெயில். காலையிலிருந்து சோமன் ஒரு சொட்டு குடிக்கவில்லை. பின்பக்கம் கிணறு இருப்பதைப் பார்த்துவிட்டு, வெள்ளம் குடிச்சிட்டு வாறேன் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்குள் ஒரு பெண் சுவரோடு சுவராக நின்றாள். நேசையன் பயத்தில் உதட்டுக்குள் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். சிறுவயதில் சர்ச்சில் படித்தது, தமிழ். அவள் அந்த உதட்டையே பார்த்தாள்.

"தம்பி," என்றாள், மூச்சுவிடுகிற குரலில். "கிணத்தடிக்குப் போக வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அதில கண்ணி வைச்சிருக்கினம்."

என்ன சொல்கிறாள் என்று வாசலில் நின்ற ஹவில்தார் இந்தியில் கேட்டார். புரியவில்லை என்று நேசையன் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அந்த ஜெபத்தைப் பாதி சொல்லி முடிக்கும் நேரம் இருந்தது. உண்மையாகவே இருந்தது, அவர் பாதி சொன்னார். பின்பக்கம் வெடித்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் முழுதாகச் சொல்லும்போது அவர் பாதியில் வாயை மூடிக்கொள்வார்.

தமிழில் சொல்லியிருக்க வேண்டாம். கண்ணி என்றுகூடச் சொல்லியிருக்க வேண்டாம். சோமா என்று ஒரு விளி போதும், அவன் திரும்பி நின்றிருப்பான். பேருக்குப் பாஷை கிடையாது. இது அவருக்கு அன்று தோன்றவில்லை, ஊருக்கு வரும் ரயிலில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

பெட்டியை இறக்கியதும் சோமனின் அம்மா அழவில்லை. நேசையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள். "எனக்க மோன் வல்லதும் தின்னுட்டா போனான்?"

அந்த முகத்தைப் பார்த்து யாரால் உள்ளதைச் சொல்ல முடியும்? "வயறு நெறையத் தின்னான் அம்மே. இலை அடை வேணும், அம்மை அவிக்கது மாதிரி வேணும்ன்னு சொல்லிட்டே இருந்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். சோமனுக்கு இலை அடை பிடிக்குமா பிடிக்காதா என்பதே அவருக்கு நிச்சயமில்லை.

அன்று பிடித்தது அந்த வழக்கம். ஆடி அமாவாசையை இங்கே கர்க்கடக வாவு என்பார்கள். விடியற்காலை குளித்து ஈரத்துணியோடு முற்றத்தில் பிண்டம் வைத்து, விரலால் தண்ணீர் தெளித்துப் பலி போட்டு, பிறகு ஓர் அறைக்குள் வாழையிலை விரித்து, செத்தவனுக்கு உயிரோடு இருக்கும்போது என்ன பிடிக்குமோ அதை வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். சோமனுக்கு வருஷாவருஷம் இலையில் பொதிந்து அவித்த இலை அடை. அம்மா இருந்தவரை அம்மா அவித்தாள், பிறகு குமாரி. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரான நேசையன் பலியில் சேரமாட்டார். ஆனால் வாவு அன்று காலை அங்கே போய் முற்றத்து ஓரமாக நின்றுவிட்டு, குமாரி தரும் கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு வருவார். "எனக்க அண்ணன் போனப்பம் தெய்வம் எனக்கு வேறொரு அண்ணனைத் தந்துது" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அண்ணா என்று அவள் விளிப்பதைக் கேட்க அவருக்கு ஆசையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். அந்தச் சொல் போய்விட்டால் தனக்கு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் வாவுக்கு மூன்று நாள் முன்பு, சாயங்காலம், ஷிபு அவரைத் தங்கள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து ஓரத்துக்குக் கூட்டிப்போனான். அம்பூரி மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகள் இரண்டு தடவை நட்டதையும் தோண்டிப் போட்டிருந்தன. தோட்டத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் வெறும் கம்பி ஓடியது. கம்பியின் ஒரு முனை மோட்டார் புரை என்று அவர்கள் சொல்லும் சின்னக் கொட்டகைக்குள் போயிற்று.

"மாமா, இருட்டினா இந்த வழி வராண்டாம். கரண்டு விட்டிருக்கு" என்றான் ஷிபு.

நேசையன் கம்பியிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். "எலே மக்கா, ஆளு சாவும்."

"ராத்திரி இஞ்ச யாரு வாறா? விடியக்கு அஞ்சரைக்கு நான் ஆஃப் பண்ணிருவேன். அம்மைக்கிட்ட மட்டும் சொல்லாண்டாம். அறிஞ்சா கெடந்து நெலவிளிப்பா. கரண்டு ஆபீஸ்ல அறிஞ்சா கேஸாக்கும்." பிறகு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "பட்டாளத்துல இருந்த ஆளு ஒரு கம்பிக்குப் போயி பேடிக்கியளே."

நேசையன் வீட்டுக்கு வந்தார். நேராகப் போய்க் குமாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். முற்றத்தில் நின்று விளித்தால் கேட்கும் தூரம். ஆனால் பையன் மாட்டிக்கொள்வானே, தாய்க்கும் மகனுக்கும் சண்டை வருமே, வாவு முடியட்டுமே என்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். முப்பத்தேழு வருஷம் முன்பும் அவரிடம் இப்படி ஒரு நியாயமான காரணம் இருந்தது. அந்தப் பெண் சொன்னதை வெளியே சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைப் போட்டு உலுக்குவார்கள், அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று பல வருஷம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

மூன்று நாளும் அவர் உறங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ரப்பர் இலையில் மழை விழும் சத்தம் எல்லாம் யாரோ நடந்து வரும் சத்தமாகக் கேட்டது. நாலரை மணிக்கே எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

"இந்த மழையில எங்க போறிய?" என்று ஆனந்தபாய் கேட்பாள்.

"சும்மா ஒரு நடை."

"பேய் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

ரப்பர் மரத்தடியில் போய் நின்று, ஷிபு வந்து மோட்டார் புரைக்குள் போய் சுவிட்சை அணைக்கும்வரை அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். கம்பி ஒரு சத்தமும் போடாமல் இருந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. ஷிபு அணைத்துவிட்டுப் போன பிறகும் சற்று நேரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

வாவு அன்று காலை ஐந்தரை ஆயிற்று, ஷிபு வரவில்லை. ஐந்தே முக்கால் ஆயிற்று. வீட்டு முன்னால் பெட்டி ஆட்டோவும் இல்லை. முந்தின இரவு பாறசாலைக்கு லோடு கொண்டு போனவன், உதியன்குளங்கரையில் வண்டி நின்றுபோய், மழையில் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருந்தான். அது பிறகுதான் தெரிந்தது. அப்போது நேசையனுக்குத் தெரிந்ததெல்லாம், மெல்ல வெளுத்துவருகிறது, கம்பியில் கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான். மோட்டார் புரை தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது. தானே போய் அணைத்துவிடலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தார்.

அப்போது குமாரி வந்தாள்.

குளித்த ஈரம். முண்டும் மேலே போர்த்திய நேரியதும் உடம்போடு ஒட்டியிருந்தன. கையில் சிறு கத்தி. இலை வெட்ட வருகிறாள். வாழை நிற்பது மரச்சீனிக்கு அந்தப் பக்கம். செருப்பில்லாத காலோடு, மழையில் தலையைக் குனிந்துகொண்டு, நாற்பது வருஷமாக நடந்த வழியில், பார்க்காமல் நடந்து வந்தாள். கம்பிக்கும் அவளுக்கும் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும்.

நேசையன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

நம்பமாட்டீர்கள், ஆனால் அப்படித்தான். நில் என்று ஒரு சொல் போதும், தொண்டை அதைத் தரவில்லை. அவர் திரும்பவும் அந்த வீட்டுக்குள் நின்றார், வெயில் அடித்தது, சுவரோரம் அந்தப் பெண் நின்றாள், ஹவில்தார் அவரைப் பார்த்தார். உதடு தன்பாட்டுக்கு ஜெபத்தைத் தொடங்கியது. பாதிக்கு வந்தது. குமாரிக்கு இன்னும் நாலடி இருந்தது, மூன்றடி இருந்தது.

"சோமா!" என்று அலறினார். "கெணத்தடிக்குப் போவாண்டாம்! சோமா! கண்ணி வெச்சிருக்கு!"

எடுத்த கால் அப்படியே நின்றது. முப்பத்தேழு வருஷமாக யாரும் உரக்க விளிக்காத பேர் அது, அதுவும் அவனுக்குப் பலி போடுகிற காலையில். அவள் அரண்டுபோய்த் திரும்பினாள். முண்டின் நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

"அனங்காதே குமாரி! அப்படியே நில்லு! கரண்டு!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடினார். அறுபது வயதுக்கு அப்படி ஓடக்கூடாது. சேற்றில் விழுந்து எழுந்து மோட்டார் புரைக்குள் போய் சுவிட்சை அணைத்தார், போதாதென்று பியூசையும் பிடுங்கினார். பியூஸ் கட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தபோது குமாரி அதே இடத்தில், அதே நிற்பில் நின்றாள்.

"யாரு போட்டது?"

"ஷிபு. பன்னிக்கு."

"எப்பம்?"

"மூணு நாளாச்சு."

அவள் கம்பியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுட்டா வாயைத் தொறந்து மிண்டாம இருந்திய?"

யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று இத்தனை வருஷம் அவர் பயந்து கிடந்த கேள்வி, எழுத்துப் பிசகாமல் அதுதான். அவளுக்கு அது தெரியாது. அவள் கம்பியைப் பற்றித்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, பையனுக்காக என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வழி இருந்தது. ஆனால் அவள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள்.

"எந்தக் கெணறு? இஞ்ச ஏது கெணறு? எனக்க அண்ணனை எதுக்கு விளிச்சிய?"

நேசையன் சேற்றில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கப்பலில் பேசி வைத்தது, சுவரோரம் நின்ற பெண், அவள் சொன்னது, தான் தலையாட்டியது.

"அந்தப் பொம்பளையைக் காப்பாத்தத்தான் மிண்டாம இருந்தேன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். பொய்யாக்கும் குமாரி. எனக்கு முன்னால நடக்கப் பேடி. அவ்வளவுதான். சோமான்னு ஒரு விளி விளிச்சா அவன் நின்னுருப்பான். நான் விளிக்கல்ல."

மழை விட்டிருந்தது. எங்கோ சர்ச் மணி அடித்தது. அவள் அழுவாள், அல்லது அந்தக் கத்தியோடு அவர்மேல் பாய்வாள் என்று காத்திருந்தார். இரண்டில் எது நடந்தாலும் நல்லது என்றுதான் இருந்தது.

"அவன் எதுக்குக் கெணத்தடிக்குப் போனான்?" என்று கேட்டாள்.

"வெள்ளம் குடிக்க."

"குடிச்சானா?"

"இல்ல. கெணத்துக்குப் பத்தடி இருந்துது."

"அப்ப, இலை அடைன்னு சொன்னது?"

நேசையன் தலையைக் குனிந்தார். "அம்மை கேட்டப்பம் வாயில வந்ததைச் சொன்னேன். அண்ணைக்கு அவன் ஒண்ணும் தின்னல்ல."

குமாரி பேசியபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

"தாகிச்சு செத்தவனுக்கு முப்பத்தேழு வாவுக்கு நாங்க அடை வெச்சோம். பலியில விரலால மூணு துள்ளி விட்டோம். தாகிச்சவனுக்கு மூணு துள்ளி. வருஷாவருஷம் வந்து, அடையைத் தின்னுட்டு, வெள்ளம் தேடித் திரும்பிப் போயிருப்பான்."

அண்ணா என்று அவள் விளிக்கவில்லை என்பதை நேசையன் கவனித்தார். போய்விட்டது என்று நினைத்தார். பயந்த காரியம் நடந்தே விட்டது, இனி பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றவில்லை. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அவள் கம்பியைத் தாண்டிப் போய் ஓர் இலையை வெட்டிக்கொண்டு வந்தாள். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். முற்றத்தில் ஷிபுவின் ஆட்டோ அப்போதுதான் வந்து நின்றது. அம்மாவின் முகத்தையும் மாமனின் சேறு படிந்த சட்டையையும் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "போயி அந்தக் கம்பியை உருவு. ஒரு முழம் மிச்சமிருந்தாலும் நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்" என்றாள் குமாரி. அவன் தோட்டத்துப் பக்கம் ஓடினான்.

வழக்கமாக நேசையன் நிற்கும் இடம் முற்றத்து ஓரத்து மாமரத்தடி. அதைத் தாண்டினால் கிணற்றடி. அவர் மரத்தடியில் நின்றுகொண்டார்.

குமாரி வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் எடுத்து வைத்தாள். "வெள்ளம் கோருங்க" என்றாள்.

"குமாரி, என்னால—"

"அவனுக்கு மிச்சம் இருந்த தூரம்தானே. போங்க."

பத்தடி. மழையில் ஊறிய வெறும் மண், நடுவில் கொஞ்சம் புல், ஒரு தேங்காய்த் தொண்டு. அதற்கடியில் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? முதல் அடி வைத்தபோது மூத்திரம் போய்விடும் போலிருந்தது. மூன்றாவது அடியில் கண்ணை மூடிக்கொண்டார், உடனே திறந்துகொண்டார், சோமன் கண்ணைத் திறந்துகொண்டுதானே போனான். உதடு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஜெபத்தில் ஒரு வரியாக நடந்தார். பாதி வந்தது. எப்போதும் நின்றுவிடுகிற இடம். அங்கே கால் மண்ணில் புதைந்தது, இதோ வெடிக்கப் போகிறது என்று உடம்பு முழுக்க நம்பியது. ஒன்றும் வெடிக்கவில்லை. அடுத்த வரியைச் சொல்லி அடுத்த அடியை வைத்தார். ஆமென் சொன்னபோது இடுப்பு கிணற்றுச் சுவரில் முட்டியது.

வாளியை இறக்கினார். கயிறு இரண்டு தடவை கையிலிருந்து வழுவியது. வாளி நிறைந்து மேலே வந்ததும் குமாரி ஒரு செம்புக் குடத்தை நீட்டினாள். அதில் ஊற்றினார். பாதிக்கு மேல் அவர் காலில்தான் விழுந்தது.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். இலை விரிக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவித்து வைத்திருந்த அடைப் பாத்திரத்தை வெளியே கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். பிறகு காலிக் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். முகம் முழுக்க ஈரமாக இருந்தது. குடத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணு பத்தாது" என்றாள். "இன்னும் கோருங்க அண்ணா."